துயரத்துக்குப் பெயர் வைப்பது யார்?
ஆப்பிரிக்க மனநல ஆய்வுகளின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்



ஜிம்பாப்வேயில் பெரும்பான்மையோர் பேசும் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் இருக்கிறது. 'அளவுக்கு மிஞ்சி நினைப்பது' என்று அதற்குப் பொருள். வாடகை பாக்கி, வேலை போன கணவன், மூடிக்கொண்டு வரும் எதிர்காலம் என்று ஒன்றையே மனம் சுற்றிச் சுற்றி வரும். தூக்கம் போகும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டால் குஃபுங்கிசிசா என்பாள். நம் ஊரில் "அதையே நினைச்சு நினைச்சு உருகிப் போயிட்டா" என்கிறோமே, அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் அது. இந்தச் சொல் மருத்துவ ஆய்வுக்குள் நுழைய எவ்வளவு காலம் பிடித்தது, நுழைந்த பின் என்ன மாறியது, எது மாறவில்லை என்பதைத்தான் இந்த நினைவுப் பொழிவில் விளக்க முயல்கிறோம்.

தலித் மேடையில் ஆப்பிரிக்கா எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தபோது, சாதியை உலக அரங்கில் வைத்துப் பேச இங்கிருந்து தலித் அமைப்புகள் சென்றன. இந்திய அரசு எதிர்த்தது, இருந்தும் பேசப்பட்டது. அன்று அரசியலாகத் தொடங்கிய அந்த உறவை உடல்நலம், மனநலம் என்ற பக்கத்துக்கும் நீட்ட வேண்டியிருக்கிறது. காரணம் எளியது. நம் பிள்ளைகள் இன்று சமூகப்பணியும் உளவியலும் மருத்துவமும் படித்துவிட்டு வினாத்தாளோடு சேரிக்குள் போகிறார்கள். அந்த வினாத்தாளின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்ன அனுபவம் நமக்குத் தலைமுறைகளாக இருக்கிறது. இரண்டு பக்கமும் தெரிந்தவர்களாக நாம் படிக்க வேண்டிய வரலாறு இது.

கதையை நைரோபியிலிருந்து தொடங்கலாம். அங்கே மத்தாரி மனநல மருத்துவமனை காலனி அரசின் கையில் இருந்தது. 1938 முதல் 1950 வரை அதன் பொறுப்பில் இருந்தவர் ஜே.சி. கரோதர்ஸ் என்ற வெள்ளை மருத்துவர். பொறுப்பேற்றபோது மனநல மருத்துவத்தில் அவருக்குச் சிறப்புப் பயிற்சி எதுவும் கிடையாது. 1953இல் உலக சுகாதார நிறுவனம் அவரிடம் எழுதி வாங்கி ஒரு நூலை வெளியிட்டது. ஆப்பிரிக்கரின் மனம் நலத்திலும் நோயிலும் எப்படி இருக்கிறது என்பது அதன் பொருள். ஆப்பிரிக்கர்கள் மூளையின் முன்பகுதியைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை, லோபோடமி என்ற அறுவைக்கு ஆளாகி முன்மூளையின் நரம்பிழைகள் துண்டிக்கப்பட்ட ஐரோப்பியரை அவர்கள் ஒத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதினார். ஆப்பிரிக்கரிடம் மனச்சோர்வு நோய் அரிது என்றும் சொன்னார். உலகம் முழுவதற்குமான ஒரு சுகாதார அமைப்பின் முத்திரையோடு வந்த நூல் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

மனச்சோர்வு அரிது என்று எப்படிக் கண்டுபிடித்தார்? மருத்துவமனைக்குள் சேர்க்கப்பட்டவர்களை எண்ணித்தான். மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காலனி ஆட்சியில் மனநல மருத்துவமனைக்குள் வந்து சேர்பவர் யார்? தெருவில் கூச்சலிட்டவர், துரையின் தோட்டத்தில் பொருளை உடைத்தவர், போலீஸ் பிடித்துக் கொண்டுவந்தவர். குடிசைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடக்கும் கூலிப் பெண்ணால் ஆட்சிக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவளை யாரும் அழைத்து வரமாட்டார்கள். அவள் கணக்கில் வரவில்லை. ஆகவே அவளுக்குத் துயரமே இல்லை என்று முடிவாயிற்று. எண் பொய் சொல்லவில்லை. எங்கே நின்று எண்ணினார்கள் என்பதில்தான் பொய் இருந்தது.

இது வெறும் புத்தகப் பிழையாக நின்றுவிடவில்லை. கென்யாவில் நிலத்தைப் பறிகொடுத்த கிக்கூயு மக்கள் மாவ் மாவ் எழுச்சியில் இறங்கியிருந்த காலம் அது. 1954இல் அந்த எழுச்சியின் 'உளவியல்' பற்றி அறிக்கை எழுதித் தரும்படி காலனி அரசு இதே கரோதர்ஸைக் கேட்டது. எழுதிக் கொடுத்தார். நிலம் பறிபோனது அந்த அறிக்கையில் பின்னுக்குப் போய், மாறும் உலகில் தடுமாறும் மனம் முன்னுக்கு வந்தது. மக்களைப் புதிய கிராமங்களில் கூட்டிக் குடியேற்றும் திட்டத்தை அவர் ஆதரித்தார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிக்கூயு மக்கள் அப்படிக் கம்பிவேலிக் கிராமங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். உரிமை கேட்பவனுக்கு 'ஏதோ மனக்கோளாறு' என்று சொல்லும் பழக்கம் ஆளுகிறவர்களிடம் எல்லாக் காலத்திலும் உண்டு. இங்கே அதற்கு ஒரு மருத்துவரின் கையெழுத்தும் கிடைத்தது.

கரோதர்ஸின் நூல் வெளிவந்த அதே 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தவர் ஃபிரான்ஸ் ஃபனான். மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பர். நம் இயக்கங்களில் அவரைப் புரட்சியின் கோட்பாட்டாளராகத்தான் அதிகம் படிக்கிறோம். வார்டில் நின்று வேலை பார்த்த மருத்துவர் ஃபனானை அவ்வளவாகத் தெரியாது. அவரிடமிருந்த ஒரு வார்டில் ஐரோப்பியப் பெண்கள். இன்னொன்றில் அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள். நோயாளிகளைக் கட்டிப் போடாமல் கூட்டம், இசை, கைவேலை, விழா என்று சமூகமாக வாழவைத்துக் குணப்படுத்தும் முறையை அவர் பிரான்சில் கற்று வந்திருந்தார். பெண்கள் வார்டில் அது நன்றாகப் பலித்தது. ஆண்கள் வார்டில் படுத்துவிட்டது. யாரும் கூட்டத்துக்கு வரவில்லை, வந்தவர்களும் பேசவில்லை.

நோயாளிகள் பின்தங்கியவர்கள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்; அந்தக் காலத்து அல்ஜியர்ஸ் மனநல மருத்துவம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஃபனானும் அவரோடு வேலை செய்த ஜாக் அசூலேயும் 1954இல் எழுதிய கட்டுரையில், தவறு முறையில் இருக்கிறது என்று எழுதினார்கள். ஐரோப்பியரின் விழாவையும் ஐரோப்பியரின் பாட்டையும் கொண்டுபோய் அல்ஜீரிய விவசாயியின் முன் வைத்துவிட்டு அவன் ஏன் ஆடவில்லை என்று கேட்டிருக்கிறோம் என்றார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசியதையும் கவனித்தார்கள். அல்ஜீரிய ஏழைக்கு மொழிபெயர்ப்பாளர் என்றால் நீதிமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும் பார்த்த ஆள். அந்த ஆளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு மனத்தைத் திற என்றால் எப்படித் திறப்பான்? பிறகு வார்டில் ஊர்ப்பாணிக் காபிக்கடை வந்தது. முஸ்லிம் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி வந்து கதை சொன்னார். ஆட்கள் பேசத் தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஓர் உளவியல் சோதனையில், படங்களைக் காட்டி 'இதில் என்ன நடக்கிறது, கதை சொல்' என்று கேட்பார்கள். படங்களில் மேற்கத்திய அறைகள், மேற்கத்திய மனிதர்கள். ஃபனானும் சார்ல் ஜெரோனிமியும் அதை அல்ஜீரியப் பெண்களிடம் வைத்தபோது கதை எதுவும் வரவில்லை. கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டில் ஒன்றுமே வரையாத வெள்ளை அட்டை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தபோது கதைகள் பெருகி வந்தன. கற்பனை இல்லாதவர்கள் என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய பெண்கள் அவர்கள். 1956இல் இதை அவர்கள் கட்டுரையாக வெளியிட்டார்கள். வினாத்தாள் தயாரிக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்த வெள்ளை அட்டையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கண்டத்தின் மறுபக்கம் நைஜீரியாவில், 1954இல், தாமஸ் அதியோயே லாம்போ என்ற இளம் மருத்துவர் தம் சொந்த ஊரான அபியோகுட்டாவுக்கு அருகே ஆரோ மருத்துவமனையில் வேறொன்று செய்தார். கட்டடம் முழுமையாகவில்லை. நோயாளிகளைச் சுற்றியிருந்த கிராமங்களில் குடியமர்த்தினார். ஒவ்வொரு நோயாளியோடும் ஓர் உறவினர் வந்து தங்க வேண்டும். பகலில் மருத்துவமனைச் சிகிச்சை, மற்ற நேரம் ஊர் வாழ்க்கை. உள்ளூர் வைத்தியர்களையும் அவர் சேர்த்துக்கொண்டார். உறவினர் உடன் தங்கும் ஏற்பாடு நம் நாட்டுக்கும் புதிதல்ல. வேலூர் பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையம் அதே வழியில் நடந்தது. லாம்போ அதோடு நிற்காமல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் லெய்டனோடு சேர்ந்து யொரூபா கிராமங்களில் வீடு வீடாக ஆய்வு நடத்தினார். 1963இல் அது நூலாக வந்தது. மனச்சோர்வுக்கு யொரூபாவில் ஒற்றைச் சொல் இல்லை. ஆனால் அதன் அறிகுறி ஒவ்வொன்றையும் மக்கள் அடையாளம் காட்டினார்கள். கரோதர்ஸின் 'அரிது' அந்தக் கிராமங்களில் நிற்கவில்லை. கணக்கெடுப்பு மருத்துவமனை வாசலைத் தாண்டி ஊருக்குள் போனதும் கணக்கே மாறிவிட்டது.

இனி ஹராரேக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் மெலனி ஆபாஸ், ஜெரமி பிராட்ஹெட் என்ற இரு மருத்துவர்கள் ஹராரேயின் உழைக்கும் மக்கள் குடியிருப்பொன்றில் 172 பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். முந்தைய ஓராண்டில் அவர்களில் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டவர்கள் மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ ஆளாகியிருந்தார்கள். லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் முன்பு நடந்த இதே மாதிரியான ஆய்வில் கிடைத்ததைப்போல ஏறத்தாழ இருமடங்கு. ஏன் என்று தேடியபோது அவர்கள் கண்ட காரணங்களில் இரண்டு சொற்கள் நம்மை நிறுத்தி வைக்கின்றன: அவமானம், சிக்கிக்கொள்ளல். கணவனால், மாமியார் வீட்டால், சுற்றத்தால் இழிவுபடுத்தப்பட்டு, அதே நேரம் விட்டு வெளியேற வழியும் இல்லாத நிலை. அதனோடு சாவுகள், எயிட்ஸ் வீடு வீடாக ஆட்களைக் கொண்டுபோன காலம் அது. இழப்பு மட்டும் மனத்தை நொறுக்குவதில்லை, இழிவுபடுத்தப்பட்டுத் தப்பிக்க வழியில்லாமல் நிற்பதும் நொறுக்குகிறது என்பதை எண்களால் காட்டிய ஆய்வு இது. நமக்கு இதைச் சொல்ல ஓர் ஆய்வு தேவையில்லைதான். ஆனால் மருத்துவத்துக்குத் தேவைப்பட்டது.

அதே ஆண்டுகளில் ஹராரேயில் வேலை பார்த்த இந்திய மருத்துவர் விக்ரம் பட்டேல், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களிடமும் உள்ளூர் வைத்தியர்களைத் தேடிப் போனவர்களிடமும் அவர்கள் துன்பத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தொகுத்தார். அந்தச் சொற்களிலிருந்து 1997இல் 14 கேள்விகள் கொண்ட ஒரு ஷோனா வினாத்தாள் பிறந்தது. அளவுக்கு மிஞ்சி நினைக்கிறாயா என்ற கேள்வி அதில் முன்னுக்கு வந்தது. வினாத்தாளை ஆங்கிலத்தில் எழுதி ஷோனாவுக்குப் பெயர்க்கும் வேலை இங்கே தலைகீழானது. பட்டேல் இந்தியா திரும்பி 1996இல் கோவாவில் சங்காத் என்ற அமைப்பை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்களை வைத்து அங்கே நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது நல்ல பலன் தந்தது. தனியார் மருத்துவர்களிடம் போனவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அரசு மருத்துவமனைக்குத்தான் நம் ஆட்கள் போகிறார்கள் என்பதால் இந்தத் தகவலை அழுத்திச் சொல்கிறோம்.

2005 மே மாதம் ஜிம்பாப்வே அரசு நகரங்களில் ஓர் இடிப்பு நடவடிக்கையில் இறங்கியது. அதன் பெயர் முரம்பட்ஸ்வினா. 'குப்பையை அகற்று' என்பது பொருள். குப்பை என்றது குடிசைகளையும் தெருக்கடைகளையும் அவற்றில் வாழ்ந்த மனிதர்களையும். ஐ.நா. சார்பில் நேரில் போய்ப் பார்த்த அன்னா டிபைஜுக்கா, ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று அறிக்கை கொடுத்தார். ஹராரேயின் பழைய உழைப்பாளர் குடியிருப்பான ம்பாரேயும் அதில் அடிபட்டது.

நாட்டில் மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மக்கள்தொகை ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. தற்கொலை எண்ணத்தில் இருந்த ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்து வரச் சொன்னார். பேருந்துக் கட்டணத்துக்குக் குடும்பத்திடம் பணமில்லை. அந்தப் பெண் உயிரை விட்டாள். மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று தாம் உணர்ந்தது அப்போதுதான் என்று சிபாண்டா பலமுறை சொல்லியிருக்கிறார். ம்பாரேயில் ஏதாவது செய்ய அனுமதி கேட்டபோது, நர்சுகளை விட முடியாது, கட்டடத்தில் இடமும் கிடையாது என்றது நிர்வாகம். 14 பாட்டிகளும் வெளியே மரத்தடியும் கிடைத்தன.

அந்தப் பாட்டிகள் யாரோ எவரோ அல்ல. மாநகராட்சியின் சுகாதாரப் பணியாளர்கள். 'அம்புயா உட்டானோ', நலப் பாட்டி என்று மக்கள் அழைப்பார்கள். காசநோய்க்காரர் மாத்திரை விழுங்கினாரா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர்கள். 2006இல் சுகாதார நிலைய வாசலில் ஒரு மரப்பெஞ்சு போடப்பட்டது. முதலில் அதற்கு மனநலப் பெஞ்சு என்று சிபாண்டா பெயர் சொன்னார். அந்தப் பெயர் வைத்தால் ஒரு ஆள் வந்து உட்காரமாட்டார் என்றார்கள் பாட்டிகள். நட்புப் பெஞ்சு என்று ஆனது. சிகிச்சையின் படிகளுக்கும் அவர்களே பெயர் சொன்னார்கள்: குவுரா ஃபுங்வா என்றால் மனத்தைத் திறப்பது, குசிமுட்சிரா என்றால் தூக்கி நிறுத்துவது, குசிம்பிசா என்றால் வலுவேற்றுவது. பாட்டியும் வந்தவரும் பெஞ்சில் உட்கார்ந்து, இருக்கிற தொல்லைகளையெல்லாம் சொல்லி, அதில் ஒன்றைப் பிடித்து, அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். ஆறு அமர்வுகள். பிறகு கூட்டாகச் சந்திக்கும் வட்டம் ஒன்றும் உண்டு. பழைய பிளாஸ்டிக்கைக் கீறிப் பை பின்னிக்கொண்டே பெண்கள் அங்கே பேசுவார்கள். கையில் வேலை இருந்தால் வாய் தயங்காது என்பது நம் பீடிக்கொட்டகைக்கும் தெரிந்த விஷயம்.

பாட்டிகள் ஆறுதல் சொன்னார்கள், மக்கள் மகிழ்ந்தார்கள் என்று நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல பத்திரிகைச் செய்தி. அவர்கள் அளந்து பார்த்தார்கள். ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் பெஞ்சு. மறுபாதியில் வழக்கமான கவனிப்பு, கொஞ்சம் மேம்படுத்தப்பட்டது. 573 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், ஐவரில் இருவருக்கு எச்.ஐ.வி. தொற்று. ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் மனச்சோர்வு இருந்தது சுமார் 14 விழுக்காட்டினருக்கு. மறுபக்கத்தில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினருக்கு. 2016இல் இது வெளியானது. அளக்கப் பயன்பட்டவற்றில் அந்த 14 கேள்வி ஷோனா வினாத்தாள்தான் முதன்மையானது.

ஹராரே மட்டுமல்ல. எயிட்ஸ் சூறையாடிய தென்மேற்கு உகாண்டாவின் மசாகா, ரக்காய் மாவட்டங்களில் பால் போல்ட்டனும் கூட்டாளிகளும் ஆய்வைத் தொடங்குமுன் மக்களிடம் பேசி, அங்கே வழங்கிய இரண்டு சொற்களைக் கண்டார்கள். ஒன்று தன்னையே வெறுப்பது, மற்றது தன்னைக் குறித்தே இரங்குவது. 30 கிராமங்களில் நடந்த ஆய்வில், உள்ளூர் ஆட்கள் நடத்திய வாரக் கூட்டங்களுக்கு 16 வாரம் வந்தவர்களிடம் மனச்சோர்வு 6.5 விழுக்காடாக இறங்கியது. கூட்டம் நடக்காத கிராமங்களில் அது 54.7 விழுக்காடு. 2003இல் வெளியான ஆய்வு இது.

மக்களின் சொல்லைக் கேட்டுவிட்டால் ஆய்வு மக்களுடையதாகிவிடுமா? அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. சொல்லை எடுத்துக்கொண்டு போவதும் ஒருவகை எடுத்துக்கொள்ளல்தான். எடுத்ததை என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஆப்பிரிக்காவில் கசப்பான முன்கதைகள் உண்டு. 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் ட்ரோவான் என்ற புதிய மருந்தை அங்கே குழந்தைகளிடம் சோதித்தது. 200 குழந்தைகள், பாதிப் பேருக்குப் புதிய மருந்து, பாதிப் பேருக்கு ஏற்கெனவே உள்ள மருந்து. 11 குழந்தைகள் இறந்தார்கள். சோதனை என்று தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றார்கள் பெற்றோர். இறப்புக்குக் காரணம் நோய்தான் என்று வாதிட்டது நிறுவனம். வழக்குகள் நடந்து, 2009இல் கானோ மாநிலத்தோடு 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. நடுவில் 2003இல் அதே கானோவில் போலியோ சொட்டு மருந்தை மக்கள் மறுத்தபோது, அவர்களை அறியாமையில் கிடப்பவர்கள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அவர்கள் மறதியில் கிடக்கவில்லை என்பதே உண்மை.

தெற்கே சான் மக்கள் இன்னொரு வழியைக் கண்டார்கள். கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டைக்குப் போகும்போது பசியும் தாகமும் தணிய அவர்கள் மெல்லும் ஹூடியா என்ற செடியின் சாறுக்குத் தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை பெற்று, உடல் இளைக்கும் மருந்துக்காகப் பிரிட்டன் கம்பெனிக்குக் கொடுத்தது. சான் மக்களைக் கேட்கவில்லை. அந்த மக்களே இப்போது இல்லை என்று நினைத்ததாகக்கூட அந்தக் கம்பெனித் தரப்பு சொன்னது. போராடிப் பேசி, 2003இல் வருவாயில் ஒரு பங்குக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு 2010இல் நமீபியாவைச் சேர்ந்த நான்கு சான் முதியவர்களின் மரபணுத் தொகுப்பு உலகப் புகழ்பெற்ற ஓர் இதழில் வெளியானது. தனித்தனியாக அவர்களிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். ஆனால் அந்தத் தகவல் முழுச் சமூகத்தையும் பற்றியது. சமூகத்தின் தலைவர்களைக் கேட்கவில்லை. வெளியானதில் இருந்த சில சொற்கள் தங்களை இழிவுபடுத்துவதாகவும் அவர்கள் சொன்னார்கள்.

2017 மார்ச்சில் கேப்டவுனில் சான் மக்கள் தங்கள் ஆய்வு நெறியைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, நடைமுறை என்று ஐந்து தலைப்புகள். மொழி எளிமையாக இருக்கும். எங்கள் மொழியில் எங்களிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், எங்களுக்குப் பயன்படுமாறு செய்யுங்கள், நாங்கள் போட்ட நடைமுறைப்படி வாருங்கள் என்று கேட்கும். மீறிய நிறுவனங்களோடு இனி ஆய்வு கிடையாது என்றும் சொல்லும். ஆய்வுக்கு ஆளானவர்கள் ஆய்வாளர்களுக்கு விதி எழுதியதில் ஆப்பிரிக்காவிலேயே இது முன்னோடி. ஒரு சேரியோ ஒரு காலனியோ இப்படி இரண்டு பக்கம் எழுதி வைத்துக்கொண்டால், வெளியிலிருந்து வரும் கணக்கெடுப்பாளரிடம் நீட்ட எவ்வளவு வசதியாக இருக்கும்!

கடைசியாக, நம் செயற்பாட்டாளர்கள் நிச்சயம் கேட்கப்போகும் கேள்விக்கு வருவோம். வீட்டை இடித்தது அரசு; பெஞ்சில் உட்கார வைத்து மனத்தைத் திற என்றால் இடித்த வீடு திரும்பி வருமா? அரசியலால் வந்த காயத்துக்கு மனநலம் என்று பெயர் வைத்து, கோபத்தை ஆற்றிவிடுகிறார்களா? இந்தக் கேள்வி கற்றவர் உலகத்திலும் இருக்கிறது. ஏழை நாடுகளின் துயரத்தையெல்லாம் நோயாக மாற்றிச் சிகிச்சைச் சந்தையாக்குகிறது உலக மனநல இயக்கம் என்று டெரெக் சம்மர்ஃபீல்டு, சைனா மில்ஸ் போன்றவர்கள் கடுமையாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. பெஞ்சின் வெற்றியைப் பேசும் கட்டுரைகள் பலவற்றில் பாட்டிகள் இருக்கிறார்கள், மரம் இருக்கிறது, புல்டோசர் இருப்பதில்லை. நிதி தருகிறவர்களுக்குப் பாட்டி பிடிக்கும், புல்டோசர் பிடிக்காது.

ஆனால் அந்தக் கேள்வியை முழுதாக ஏற்க எங்களுக்கு மனமில்லை. வீடு திரும்பி வரும்வரை அந்தப் பெண் தூங்காமல் கிடக்க வேண்டும் என்று சொல்ல நாம் யார்? அரசியல் வெல்லும்வரை துன்பத்தைப் பத்திரமாக வைத்திரு என்று ஒருவரிடம் சொல்வதும் அவரைப் பொருளாகப் பார்ப்பதுதான். பெஞ்சில் தொல்லைகளை வரிசையாகச் சொல்லும்போது வாடகையும் அடியும் இடிப்பும் அவள் வாயிலிருந்தே வருகின்றன. அவற்றைப் பதிந்து வைப்பதா, அறிகுறிப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வதா என்பது தாளை வைத்திருப்பவரின் முடிவு. ஹராரேப் பெண்களின் ஆய்வில் அவமானம் என்ற சொல் அட்டவணைக்குள் ஏறியது, யாரோ ஒருவர் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்ததால். பல்கலைக்கழக விடுதியில் ஒரு தலித் மாணவர் இறந்தபின் 'மன அழுத்தம்' என்று கோப்பு மூடப்படும்போது விடுபட்டுப்போகும் சொல்லும் அதுவே.

இந்த இரண்டு வேலைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று ஃபனானும் நினைக்கவில்லை. 1956 இறுதியில் பிளிடா பதவியைத் துறந்து அவர் காலனி அரசின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. ஒரு முழு மக்களையும் சொந்த நாட்டிலேயே அந்நியராக்கி வைத்துவிட்டு, அவர்களில் ஒருவரைத் தனியே எடுத்துக் குணப்படுத்துவதாகச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். 1957 ஜனவரியில் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அவர் துனிஸ் நகருக்குப் போய் அல்ஜீரிய விடுதலை முன்னணிக்கு வேலை செய்தார், அதன் பத்திரிகையில் எழுதினார். அதோடு வெள்ளை அங்கியையும் கழற்றவில்லை. அங்கே சார்ல் நிக்கோல் மருத்துவமனையில் ஒரு பகல்நேர மனநலப் பிரிவைத் திறந்தார்; ஆப்பிரிக்காவில் அந்த வகையில் தொடக்ககால முயற்சிகளில் ஒன்று அது. படுக்கை போட்டு அடைத்து வைப்பதில்லை. நோயாளிகள் காலையில் வந்து சிகிச்சை பெற்று, மாலையில் தங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் சண்டைக்கும் திரும்பிப் போனார்கள்.